கைமாறும் பயணங்கள்

உரைநடை உலகம்

நுழையும்முன்

பொருள்கள் தாமாக நடப்பதில்லை. மனிதர்களின் கைகளில் ஏறி ஊர் ஊராகச் செல்கின்றன. முட்டையும் மரவள்ளியும் சரக்குந்துகளில் ஏறி நாள்தோறும் புறப்படும் சேலம், நாமக்கல் சமவெளியில் வாழ்வோருக்கு இஃது எளிதில் விளங்கும். விலையின்றி, கூலியின்றி, ஒருவரையொருவர் அறியாத மனிதர்களின் நம்பிக்கையை மட்டுமே துணையாகக் கொண்டு உலகைச் சுற்றும் பொருள்களும் உள்ளன. அவற்றின் பயணத்தையும், அப்பயணம் நமக்கு உணர்த்தும் பொறுப்பையும் இப்பாடம் விளக்குகிறது.

வழி சொல்லும் மரபு

பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞர் ஒருவர், வறுமையோடு எதிரே வரும் மற்றொரு கலைஞருக்கு வள்ளலின் ஊரையும் அதற்குச் செல்லும் வழியையும் எடுத்துரைப்பது ஆற்றுப்படை. பத்துப்பாட்டில் சரிபாதியாக ஐந்து நூல்கள் இவ்வகையைச் சேர்ந்தவை. தான் கண்டடைந்ததைத் தனக்குள் ஒளித்துக்கொள்ளாமல், முன்பின் அறியாத ஒருவருக்குச் சொல்லிச் செல்லும் பண்பே இவ்விலக்கிய வகையின் உயிர்நாடி.

இப்பண்பு ஏட்டோடு நின்றுவிடவில்லை. சாலைகளிலும் கல்லாக நின்றது. சேலம் மாவட்டத்தின் ஆறகழூர்ப் பகுதியில் கிடைத்த பெருவழிக் கல் ஒன்று காஞ்சிபுரத்திற்கு உள்ள தொலைவை 16 காதம் என எழுத்தில் சொல்கிறது. எழுத்தறியாதவரும் தொட்டு எண்ணி அறியும் வகையில் அதில் குழிகளும் செதுக்கப்பட்டுள்ளன. தருமபுரிப் பகுதியில் கிடைத்த அதியமான் பெருவழிக் கற்களும் நாவற்தாவளம் என்னும் ஊருக்குள்ள தொலைவை இவ்வாறே எழுத்தாலும் குறியாலும் காட்டுகின்றன. கல்லை நட்டவர் யாரோ. அதைப் பார்த்து நடந்தவர் யாரோ. தலைச்சுமையுடன் நடப்பவர் பிறர் உதவியின்றிச் சுமையை இறக்கி வைக்கச் சாலையோரங்களில் நிறுத்தப்பட்ட சுமைதாங்கிக் கற்களும் இத்தகைய அறமே. அறியாதவர் அறியாதவருக்குச் செய்த இவ்வுதவியின் இன்றைய வடிவங்களுள் ஒன்று, விண்ணிலிருந்து வழிகாட்டும் கருவியின் துணையோடு விளையாடப்படும் ஒரு விளையாட்டு. அதன் பெயர் ஜியோகேச்சிங். அதனைத் தமிழில் புவிப்புதையல் தேடல் எனலாம்.

இடத்திற்கு ஓர் எண்

புவியின்மேல் உள்ள ஒவ்வோர் இடத்திற்கும் அட்சரேகை, தீர்க்கரேகை என்னும் இரண்டு எண்களால் ஆன முகவரி உண்டு. சேலம் நகரம் ஏறத்தாழ வடக்கு 11 பாகை 39 கலையிலும், நாமக்கல் வடக்கு 11 பாகை 13 கலையிலும் அமைந்துள்ளன. இரண்டின் தீர்க்கரேகையும் கிழக்கு 78 பாகையைச் சற்றே கடந்தது. எனவே நாமக்கல் சேலத்திற்கு ஏறக்குறைய நேர் தெற்கே உள்ளது. அட்சரேகையில் ஒரு கலை என்பது 1.85 கிலோமீட்டர். இவ்விரு நகரங்களுக்கும் இடையே 26 கலைகள். பெருக்கிப் பார்த்தால் நேர்க்கோட்டில் 48 கிலோமீட்டர். சாலை வழியே சென்றால் தொலைவு இன்னும் கூடும்.

இந்த 78 பாகைத் தீர்க்கரேகைக்குத் தனி வரலாறு உண்டு. 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலை அருகே அடிக்கோடு ஒன்றை அளக்கத் தொடங்கினார். அதுவே இந்தியப் பெரும் முக்கோண அளவீட்டின் தொடக்கம். அவ்வளவீட்டின் முதுகெலும்பாக, குமரிமுனை முதல் இமயமலை அடிவாரம் வரை அளக்கப்பட்ட பெருவில், இத்தீர்க்கரேகையை ஒட்டியே வடக்கு நோக்கிச் சென்றது. ஏறத்தாழ அரை டன் எடையுள்ள கோணமானியைக் குன்றுகளுக்கும் கோபுரங்களுக்கும் ஏற்றி, ஒவ்வோர் இடத்தின் எண்ணையும் கண்டறிந்தனர். பலர் பல்லாண்டுகள் உழைத்துக் கண்ட அவ்வெண்களை இன்று உள்ளங்கையில் அடங்கும் கைப்பேசி நொடிப்பொழுதில் காட்டிவிடுகிறது.

அதற்குக் காரணம் ஜி.பி.எஸ். எனப்படும் உலக இடங்காட்டி அமைப்பு. புவிக்கு மேலே ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள், தம் இருப்பிடத்தையும் நேரத்தையும் இடைவிடாது ஒலிபரப்புகின்றன. குறிப்பலை வந்துசேர எடுத்துக்கொண்ட நேரத்தைக்கொண்டு கருவி தொலைவைக் கணக்கிடுகிறது. இடத்தை அறிய மூன்று செயற்கைக்கோள்களும், கருவியின் கடிகாரப் பிழையைத் திருத்த நான்காவது ஒன்றும் தேவை.

அமெரிக்கப் படைத்துறையால் உருவாக்கப்பட்ட இவ்வமைப்பின் குறிப்பலைகளில், பொதுமக்களுக்குத் துல்லியம் குறையும்படி வேண்டுமென்றே பிழை கலக்கப்பட்டிருந்தது. அதனால் காட்டப்படும் இடம் 100 மீட்டர் வரையிலும் விலகக்கூடும். 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அப்பிழை நீக்கப்பட்டது. விலகல் சில மீட்டர்களாகச் சுருங்கியது. ஓர் ஊரை மட்டுமன்றி, ஒரு மரத்தடியையே எண்ணால் சுட்ட முடிந்தது.

தெரியுமா?
இந்தியா தனக்கென நாவிக் என்னும் இடங்காட்டி அமைப்பை உருவாக்கியுள்ளது. அதன் முதல் செயற்கைக்கோள் 2013 ஜூலை 1 அன்று விண்ணில் செலுத்தப்பட்டது.

வாளியில் தொடங்கிய விளையாட்டு

துல்லியம் கூடிய மறுநாளே அதனைச் சோதித்துப் பார்க்க ஒருவர் விரும்பினார். 2000 மே 3 அன்று டேவ் அல்மர் என்பவர் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் பீவர்கிரீக் என்னும் ஊருக்கு அருகே, காட்டில் ஒரு வாளியைப் பாதி புதைத்து வைத்தார். அதனுள் புத்தகம், சிறிது பணம், கவண், அவரைக்காய்ப் பதப்பொருள் அடைத்த தகரக் குவளை ஆகியவற்றுடன் ஒரு குறிப்பேட்டையும் எழுதுகோலையும் வைத்தார். அவ்விடத்தின் எண்களை இணையத்தில் அறிவித்து, கண்டுபிடிப்பவர் எதையேனும் எடுத்துக்கொண்டு வேறெதையேனும் வைத்துச் செல்லலாம் என்றார். மூன்றே நாள்களில் இருவர் அதனைக் கண்டுபிடித்தனர். இன்று உலகெங்கும் இத்தகைய மறைபெட்டிகள் 30 இலட்சத்திற்கும் மேல் உள்ளன. அன்டார்க்டிகாவிலும் உண்டு. நம் நாட்டில் இவ்விளையாட்டு இன்னும் பரவலாகவில்லை.

மறைபெட்டியில் கட்டாயம் இருக்க வேண்டியது குறிப்பேடு மட்டுமே. கண்டவர் தம் பெயரையும் நாளையும் அதில் எழுதுவர். பிறகு பெட்டியை இருந்த இடத்திலேயே, இருந்தவாறே மறைத்துவைப்பர். ஒரு பொருளை எடுத்தால் அதற்கு ஈடான அல்லது அதனினும் மேலான பொருளை வைக்க வேண்டும் என்பது வழக்கம். காவலர் எவரும் இல்லாத இடத்தில் இவ்வழக்கமே காவல்.

தடமறி பொருள்

மறைபெட்டிகளில் கிடைக்கும் சிறு பொருள்களுள் ஒருவகை மட்டும் எவருக்கும் சொந்தமாகாது. அதுவே தடமறி பொருள். 2001ஆம் ஆண்டு முதல் இவை பயணம் செய்துவருகின்றன. எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறியீடு பொறித்த சிறு உலோகத் தகடு இதன் அடையாளம். அத்தகட்டைப் பொம்மை, சாவிக்கொத்து, சிப்பி என எதனுடனும் இணைக்கலாம். குறியீடு பொறித்த நாணயங்களும் உண்டு. உலகில் ஒரு குறியீடு ஒரு பொருளுக்கே உரியது.

இதன் பயணம் நான்கு படிகளில் நிகழ்கிறது. முதலில், பொருளை அனுப்புபவர் குறியீட்டைப் பதிவுசெய்து, பொருளுக்கு ஒரு பெயரும் ஒரு குறிக்கோளும் தருகிறார். அடுத்து, அதனை ஒரு மறைபெட்டியில் வைக்கிறார். மூன்றாவதாக, பெட்டியைக் கண்டவர் பொருளை எடுத்து, எடுத்த செய்தியைக் குறியீட்டுடன் பதிவுசெய்கிறார். இறுதியாக, குறிக்கோளுக்கு உதவும் திசையில் உள்ள வேறொரு பெட்டியில் வைத்து, வைத்த செய்தியையும் பதிவுசெய்கிறார். மூன்றாம் நான்காம் படிகள் மீண்டும் மீண்டும் நிகழ, பயணம் நீள்கிறது.

எடுத்துக்காட்டாக, நாமக்கல் மாணவி ஒருவர் சிறிய மரச் சரக்குந்துப் பொம்மையில் தகட்டைப் பிணைத்து, 'இமயத்தைக் காண வேண்டும்' என்னும் குறிக்கோளுடன் அனுப்புவதாகக் கொள்வோம். முதலில் கண்டவர் அதனைச் சேலத்திற்குக் கொண்டுசெல்கிறார். அடுத்தவர் குறிக்கோளைக் கவனியாமல் மீண்டும் நாமக்கல்லில் வைக்கிறார். பதிவேட்டில் பெட்டிக்குப் பெட்டி நேர்க்கோட்டுத் தொலைவே கணக்கிடப்படும். எனவே 48உம் 48உம் சேர்ந்து 96 கிலோமீட்டர் எனப் பதிவாகும். ஆனால், பொம்மை புறப்பட்ட இடத்திலேயே இருக்கிறது. இயற்பியல் பாடத்தில் நீங்கள் கற்ற கடந்த தொலைவுக்கும் இடப்பெயர்ச்சிக்கும் உள்ள வேறுபாட்டை இங்கே காணலாம். இமயம் அருகில் வந்ததா என்பதைத் தீர்மானிப்பது கிலோமீட்டர்க் கணக்கன்று. கையில் எடுத்தவர் குறிக்கோளைப் படித்தாரா என்பதே.

தெரியுமா?
2008ஆம் ஆண்டு ரிச்சர்ட் கேரியட் என்பவர் பன்னாட்டு விண்வெளி நிலையத்திற்குத் தடமறி பொருள் ஒன்றைக் கொண்டுசென்றார். 2021 பிப்ரவரி 18 அன்று செவ்வாய்க் கோளில் இறங்கிய பெர்சிவியரன்ஸ் ஊர்தியில், ஷெர்லாக் என்னும் ஆய்வுக்கருவியைச் சரிபார்க்கும் தட்டிலும் ஒரு தடமறி குறியீடு பொறிக்கப்பட்டுள்ளது.

சரக்குந்தும் தகடும்

நாமக்கல் மாவட்டம் சரக்குந்துத் தொழிலுக்குப் பெயர்பெற்றது. கூண்டு கட்டும் பட்டறைகளும், எரிவாயு ஏற்றும் கொள்கலன் உந்துகளும் நாமக்கல்லின் அடையாளங்கள். ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள் திருச்செங்கோட்டின் அடையாளம். நாமக்கல்லுக்கு டி.என். 28, சேலத்திற்கு டி.என். 30, திருச்செங்கோட்டிற்கு டி.என். 34, சங்ககிரிக்கு டி.என். 52 எனப் பதிவெண்கள் வழங்கப்படுகின்றன. அசாமின் நெடுஞ்சாலையிலோ குசராத்தின் துறைமுகத்திலோ இவ்வெண்ணைக் காணும் நம்மூர் ஓட்டுநர், வண்டியை நிறுத்தி ஊர்க்கதை பேசுவதற்கு அந்த இரண்டு இலக்கங்களே போதும்.

சரக்குந்தும் குறியீடு தாங்கிச் செல்கிறது; தடமறி பொருளும் குறியீடு தாங்கிச் செல்கிறது. ஆயினும் இரண்டுக்கும் இடையே அடிப்படை வேறுபாடு உண்டு. சரக்குந்தின் பயணத்தைச் சட்டமும் வணிகமும் காக்கின்றன. மாநில எல்லை கடக்கும் சரக்குகளுக்கு 2018 ஏப்ரல் 1 முதல் 12 இலக்க எண் கொண்ட மின்வழிச் சீட்டு நடைமுறைக்கு வந்தது. சுங்கச்சாவடிகளில் 2021 பிப்ரவரி முதல் பாஸ்டேக் வில்லை கட்டாயமாயிற்று. இடங்காட்டிக் கருவி பொருத்திய வண்டி எங்கே நிற்கிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதை உரிமையாளர் தம் மேசையிலிருந்தே அறிகிறார்.

தடமறி பொருளோ எந்தக் குறிப்பலையையும் அனுப்புவதில்லை. அதில் மின்கலமும் இல்லை, கருவியும் இல்லை. 'தடமறி' என்னும் பெயரைக் கேட்டு, அது தானே தன் இருப்பிடத்தைச் சொல்லும் என்று கருதுவது பிழை. கையில் எடுத்தவர் பேசினால்தான் பொருள் பேசும். அவர் பதிவுசெய்ய மறந்தால் அது பல ஆண்டுகள் ஊமையாகிவிடும். எடுத்தவர் தம் மேசை இழுப்பறையில் போட்டுவைத்தால் பயணம் அங்கேயே முடிந்துவிடும். இவ்வாறு காணாமற்போன தடமறி பொருள்கள் மிகப் பல. கேட்பதற்கு ஆளில்லை, தண்டிப்பதற்குச் சட்டமும் இல்லை. அனுப்பியவர் திரையைப் பார்த்துக் காத்திருக்க வேண்டியதுதான்.

இதனால்தான் இப்பயணம் மதிப்புடையதாகிறது. ஒரு பொருள் பத்து நாடுகளைக் கடந்திருக்கிறது என்றால், அதனைத் தொட்ட அத்தனை பேரும் 'இது என்னுடையதன்று. என்னிடம் சிலநாள் தங்கியிருப்பது' என்று எண்ணியிருக்கிறார்கள் என்பதே பொருள். நூலகத்தில் எடுத்த நூலைத் திருப்பித் தருவதும், அடுத்த பயணிக்காகப் பானையில் தண்ணீர் நிரப்பி வைப்பதும் இவ்வுணர்வின் வேறு வடிவங்களே.

பயணத்திலிருந்து அறிவு

கைமாறும் பொருள்களின் தடம் அறிவியலுக்கும் உதவியுள்ளது. 1899ஆம் ஆண்டு டென்மார்க்கு நாட்டுப் பள்ளி ஆசிரியர் மார்ட்டென்சன், எண் பொறித்த வளையங்களைப் பறவைகளின் காலில் அணிவித்துப் பறக்கவிட்டார். வளையத்தைக் கண்டவர்கள் தெரிவித்த செய்திகளால் வலசைப் பாதைகள் விளங்கத் தொடங்கின. நம் கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல்லாண்டுகளாக இப்பணியைச் செய்துவருகிறது.

அமெரிக்காவில் 1998இல் தொடங்கப்பட்ட ஓர் இணையதளம், பணத்தாள்களின் வரிசை எண்களைப் பதிவுசெய்து அவை செல்லும் ஊர்களை அறிய வழிசெய்தது. பொழுதுபோக்காகத் திரண்ட அத்தரவுகளில் 4,64,670 பணத்தாள்களின் நகர்வை ஆராய்ந்து, மனிதர்களின் போக்குவரத்து எவ்வாறு அமைகிறது என்பதை அறிவியலாளர்கள் 2006இல் வெளியிட்டனர். பணம் தானாக நகர்வதில்லை. அதனைச் சட்டைப்பையில் வைத்திருக்கும் மனிதரே நகர்கிறார். பெரும்பாலான நகர்வுகள் சிறியவை. அரிதாகச் சில மிக நெடியவை. தொற்றுநோய் ஊர்விட்டு ஊர் பரவுவதைக் கணிக்க இவ்வுண்மை துணைசெய்கிறது.

எல்லை அறிதல்

பொருளின் தடத்தை அறிவது வேறு. மனிதரின் தடத்தை அறிவது வேறு. தடமறி பொருளை எடுத்தவர் விரும்பினால் மட்டுமே செய்தி வெளியாகும். கைப்பேசியும் சில்லுக் கருவிகளும் ஒருவர் அறியாமலேயே அவர் இருப்பிடத்தைப் பிறருக்குச் சொல்லிவிடக் கூடும். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்டு 24 அன்று தீர்ப்பளித்தது. நெடுந்தொலைவு ஓட்டும் ஓட்டுநரின் பாதுகாப்புக்காக வண்டியைக் கண்காணிப்பது தேவை. அவருடைய ஓய்வையும் உறக்கத்தையும் ஐயத்துடன் எண்ணிக்கொண்டிருப்பது தேவைதானா என்பது நாம் சிந்திக்க வேண்டிய வினா.

விளையாட்டுக்கும் எல்லை உண்டு. 2011ஆம் ஆண்டு இங்கிலாந்தின் வெதர்பி என்னும் ஊரில் மறைபெட்டி ஒன்றை வெடிகுண்டு என ஐயுற்று, சாலையை மூடி, பெட்டியை அழித்தனர். எனவே தொடர்வண்டி நிலையம், பாலம், அணை ஆகியவற்றின் அருகில் பெட்டி வைத்தல் கூடாது. நாமக்கல், சங்ககிரிக் கோட்டைகள் போன்ற பாதுகாக்கப்பட்ட சின்னங்களிலும், காப்புக் காடுகளிலும் வைத்தல் கூடாது. பிறர் நிலத்தில் வைப்பதாயின் உரிமையாளரின் இசைவு வேண்டும். உணவுப்பொருளை வைத்தால் விலங்குகள் பெட்டியைக் கடித்துக் குதறும். தடமறி பொருளின் குறியீடு தெரியும்படி படம் எடுத்துப் பகிர்ந்தால், பொருளைக் காணாதவரும் கண்டதாகப் பொய்ப்பதிவு செய்ய இடமாகும்.

பெருவழிக் கல்லில் குழி செதுக்கிய சிற்பி, தம் குழியை எவரெவர் எண்ணிப் பார்த்தனர் என அறிந்திரார். இன்று ஒரு பொருளை அனுப்புபவர், அதனைத் தொட்ட ஒவ்வொருவரின் ஊரையும் அறிய முடிகிறது. கருவி மாறியிருக்கிறது. எதிரே வரும் அறியாத மனிதர் நேர்மையாளராகவே இருப்பார் என்னும் நம்பிக்கை மாறவில்லை. அந்நம்பிக்கையைக் காப்பதும் கெடுப்பதும், பொருள் இப்போது யார் கையில் இருக்கிறதோ அவருடைய பொறுப்பு.

கலைச்சொல் அறிவோம்

ஜியோகேச்சிங் – புவிப்புதையல் தேடல்
டிராக்கபிள் – தடமறி பொருள்
ஜி.பி.எஸ். – உலக இடங்காட்டி அமைப்பு
தியோடலைட் – கோணமானி
இ-வே பில் – மின்வழிச் சீட்டு

கற்பவை கற்றபின்…

1. உங்கள் பள்ளி, ஊர்ப் பொதுநூலகம் ஆகியவற்றின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கைப்பேசியின் துணையுடன் கண்டறிந்து வகுப்பில் அட்டவணைப்படுத்துக.
2. ஆசிரியரின் இசைவுடன், எண் பொறித்த ஓர் அட்டையை வகுப்புகளுக்கிடையே கைமாறச் செய்க. பெற்றவர்கள் நாளையும் இடத்தையும் குறிப்பேட்டில் எழுதவேண்டும். ஒரு திங்களுக்குப்பின் அதன் பயணத்தை வரைபடமாக்குக.
3. உங்கள் பகுதியில் உள்ள சுமைதாங்கிக் கல், பழைய மைல்கல் ஆகியவற்றைக் கண்டு, முதியோரிடம் செய்தி கேட்டுக் கட்டுரை எழுதுக.

மதிப்பீடு

பலவுள் தெரிக.

1. அட்சரேகையில் ஒரு கலையின் தொலைவு
அ) 1.11 கி.மீ. ஆ) 1.85 கி.மீ. இ) 18.5 கி.மீ. ஈ) 111 கி.மீ.

2. பொருத்தமான கூற்றைத் தெரிவுசெய்க.
அ) தடமறி பொருள் தானே குறிப்பலை அனுப்பும்.
ஆ) தடமறி பொருளை எடுத்தவர் தமக்கே உரிமையாக்கலாம்.
இ) தடமறி பொருளின் இருப்பிடம், எடுத்தவர் பதிவுசெய்தால் மட்டுமே தெரியும்.
ஈ) தடமறி பொருளுக்கு மின்கலம் தேவை.

குறுவினா

1. ஆறகழூர்ப் பெருவழிக் கல்லில் குழிகள் செதுக்கப்பட்டதன் நோக்கம் யாது?
2. இடங்காட்டிக் கருவிக்கு நான்காவது செயற்கைக்கோள் ஏன் தேவைப்படுகிறது?

சிறுவினா

1. தடமறி பொருளின் பயணம் நிகழும் நான்கு படிகளை எழுதுக.
2. பதிவான தொலைவு மிகுந்தும் குறிக்கோள் நிறைவேறாமல் போவது எவ்வாறு? சான்றுடன் விளக்குக.

நெடுவினா

சரக்குந்தின் பயணத்தையும் தடமறி பொருளின் பயணத்தையும் ஒப்பிட்டு, கண்காணிப்புக்கும் நம்பிக்கைக்கும் இடையே உள்ள வேறுபாட்டை உம் கருத்துடன் விரித்துரைக்க.